மாப்பிள்ளைக் குதிரையின் இரண்டு வார்கள்

ஒரு ஊரில் ஒரு குதிரைக்கு இரண்டு கடிவாள வார்கள் இருந்தன. இரண்டும் ஒரே தோலில் ஒரே நாளில் வெட்டியவை. ஒன்று குதிரையின் இடது கன்னத்தோரமாகவும் மற்றது வலது கன்னத்தோரமாகவும் போய், வாய்க்குள் கிடந்த இரும்பில் முடிந்தன. தாங்கள் இல்லாவிட்டால் குதிரை என்று ஒன்று கிடையாது, வெறும் நாலு கால்தான் என்பது இரண்டு வார்களின் அபிப்பிராயம். இந்த ஒரு விஷயத்தில் அவற்றுக்குள் சண்டையே வந்ததில்லை.

குதிரையின் பெயர் மைனா. சொந்தக்காரர் சவரிமுத்து அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுவார். அன்று பீர் முகமது ராவுத்தர் வீட்டுக் கல்யாணம். முன்னோர்கள் குதிரைப் படையில் இருந்தவர்களாம். அதனால் மாப்பிள்ளை குதிரையில்தான் வர வேண்டும். மாப்பிள்ளை நத்தர்ஷா சைக்கிள் கடை வைத்திருந்தான். குதிரை ஏறத் தெரியுமா என்று அவனை யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அப்படிக் கேட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. தெரியாது என்று அவனும் சொல்லவில்லை.

"நான் முன்னால புடிச்சுக்கிட்டு நடக்கிறேன் ராவுத்தரே," என்றார் சவரிமுத்து.

"ஏன்யா, எம்மவனை ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துக்கிட்டுப் போகப் போறியா? குடு அவன் கையில."

நத்தர்ஷா வார்களை வாங்கிக்கொண்டான். முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்கியதால் அவன் விழித்த விழி யாருக்கும் தெரியவில்லை.

பள்ளிவாசல் திருப்பத்தில் மச்சான்மார்கள் ஆசையாக ஒரு சரவெடியைக் கொளுத்தினார்கள். மைனா முன்கால்களைத் தூக்கியது, இறக்கியது, பிறகு நேராக ஓட ஆரம்பித்தது. பேண்டு வாசித்தவர்கள் வாசித்தபடியே ஒதுங்கினார்கள். மாப்பிள்ளையும் குதிரையும் ஊரைத் தாண்டிப் போக, ஊர் பின்னால் ஓடியது.

குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்ன செய்வானோ அதை நத்தர்ஷா செய்தான். இரண்டு வார்களையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, உயிரைக் கொடுத்து இழுத்தான்.

"இழு!" என்றது இடது வார்.

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உன் பக்கம் எப்படி?" என்றது வலது வார்.

"நூல் பிசகல. உனக்குச் சமமா இருக்கேன்."

"அது போதும்."

"சமமா இருக்கீங்க, சரி. குதிரை நிக்க மாட்டேங்குதே," என்றது சேணம். மேலே உட்கார்ந்திருந்தவனின் நடுக்கம் முழுவதும் அதற்குத்தான் தெரிந்தது.

"இன்னும் பலமா இழுக்கணும்," என்றன இரண்டும்.

மைனா ஓடிக்கொண்டே பேசியது. "வெடிச் சத்தம் எப்பவோ நின்னு போச்சு. இப்ப வாய்தான் வலிக்குது. வலிக்க வலிக்க ஓடுறேன். ரெண்டு பேரும் ஒண்ணா இழுக்கறதால கழுத்தை விறைச்சு உங்க மேலயே சாய்ஞ்சுக்கிட்டு ஓட வசதியா இருக்கு."

"நீயே நின்னுடேன்," என்றது சேணம்.

"பயந்து ஓடுறவகிட்ட நியாயம் பேசாதே. ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் மட்டும் இழுத்தா என் தலை திரும்பும். தலை திரும்பினா காலும் திரும்பித்தான் ஆகணும். ஒரே இடத்துல வட்டம் போட்டு எவ்வளவு நேரம் ஓடுவேன்?"

"யாரு விடணும்?" என்று இரண்டு வார்களும் சேர்ந்து கேட்டன.

"யாராவது ஒருத்தர்."

நீ விடேன் என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இழுப்பதில் மட்டும் குறை வைக்கவில்லை.

கடலை பிடுங்கிய காட்டைத் தாண்டினால் பழைய கல்குவாரி. கல் வெட்டி வெட்டி ஐம்பது அடி ஆழத்துக்குப் பள்ளமாக்கி விட்டிருந்தார்கள். வேலி கிடையாது. மைனாவோ பயத்தில் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. நத்தர்ஷாவின் கண்ணுக்கு முன்னால் மல்லிகைப் பூதான் இருந்தது. "நில்லு தாயி, நில்லு தாயி," என்று பூவுக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே வந்தான்.

பள்ளம் வர இன்னும் ஐம்பது தப்படி இருந்தது. வலது வார் வியர்த்த உள்ளங்கையிலிருந்து நழுவிக்கொண்டது.

"துரோகி!" என்று கத்தியது இடது வார். கத்தியபடியே இழுத்தது. இப்போது அது மட்டும்தான் இழுத்தது. மைனாவுக்குச் சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாமல் போய், தலை இடது பக்கம் திரும்பியது. தலைக்குப் பின்னால் உடம்பும் வந்தது. கடலைக்காட்டில் பெரிதாக ஒரு வட்டம், அதற்குள் சிறிதாக ஒரு வட்டம், பிறகு தன் வாலையே பார்த்துக்கொண்டு ஒரு சுற்று. மைனா நின்றது. அதன் பின்னங்கால் தட்டிவிட்ட கல் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நத்தர்ஷா இறங்கினான். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான். பூச்சரத்தை விலக்கிப் பள்ளத்தைப் பார்த்தான். அழுகை வந்தது. அழுதான்.

ஊர் வந்து சேர்ந்தது.

"பாத்தீங்களா, ஒத்தக் கையால நிறுத்திட்டான்! ரத்தத்துல இருக்குய்யா!" என்றார் ராவுத்தர்.

"அத்தா, எனக்கு..."

"பேசாதே. மூச்சு வாங்குது உனக்கு."

சவரிமுத்து இடது வாரைத் தடவிக்கொடுத்து அதில் ஒரு முழம் பூவைச் சுற்றினார். வலது வாரைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல நேரம் பாத்துக் கைய விட்டுருச்சே, சனியன்," என்றார்.

சாயங்காலம் லாயத்தில் இரண்டு வார்களும் ஒரே ஆணியில் தொங்கின. கீழே மைனா புல் தின்றுகொண்டிருந்தது. இடது வாரிலிருந்து பூ வாசனை வந்தது.

"ஏன் விட்டே?" என்றது இடது வார்.

"பள்ளத்தைப் பாத்தேன்."

இடது வார் "நானுந்தான் பாத்தேன்," என்றது.

"அப்புறம் நீ ஏன் விடல?"

"ஊரே பாத்துக்கிட்டு இருந்துச்சே."