பலகையில் மழை

பரஞ்சோதிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத் தந்த எஸ்தருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு குருதானே? "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மனுஷர் முகமே செத்துப்போய் வந்து நின்றார்.

"அம்மா, ரத்த வங்கியில சங்கரவடிவை வேலையை விட்டு நிறுத்தப் போறாங்களாம். மூணாம் ஃபிரிட்ஜ்ல ரத்தம் வீணாப் போச்சு. கதவு திறந்து கிடந்ததுன்னு என் நிரல் சொல்லுது. சத்தியமா மூடினேன்னு அந்தப் பொம்பளை அழுவுது."

"நிரல் என்ன செய்யுது அண்ணாச்சி?"

"ஒவ்வொரு ஃபிரிட்ஜையும் பார்க்கச் சொல்லி, சி மொழியில எழுதின பழைய நிரலைக் கூப்பிடுது. கோளாறுன்னா அது காரணத்தை ஒரு பொது இடத்துல எண்ணா எழுதி வைக்கும். நம்ம பக்கம் ஒரே த்ரெட்ல, ஒத்தை வரிசையில, ஏகப்பட்ட வேலை மாறி மாறி ஓடுதில்லையா? அதனால மத்ததுக்கு வழிவிட்டுட்டு, என் முறை வந்ததும் எண்ணைப் படிப்பேன். சி பொய் சொல்லுமா அம்மா?"

எஸ்தர் எழுந்துபோய்ச் சுவர்ப்பலகையை மறைத்து நின்றபடி ஏதோ எழுதினாள்.

"பதில் எழுதியாச்சு. ரெண்டு டீ சொல்லிட்டு வந்து படிங்க."

பரஞ்சோதி திரும்பி வந்தபோது பலகையில் 'மழை' என்று இருந்தது.

"ஃபிரிட்ஜுக்கும் மழைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சாப்பாடு ஏன் வரலைன்னு பக்கத்து சீட்டு ரசாக் கேட்டான். அழிச்சிட்டு அவனுக்கு எழுதினேன். இருக்கிறது ஒரே பலகைதானே?"

"அப்ப என் பதில்?"

"அதை அழிச்சப்போ நீங்க இங்க இல்லையே."

பரஞ்சோதி கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். கூப்பிட்ட கையோடு எண்ணையும் எடுத்துக்கொள்ளும்படி, நடுவே வேறெந்த வேலையும் நுழையாதபடி மாற்றி ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் செத்துக் கிடந்தது. திறந்த கதவு நான்காவதுடையது. ரத்தம் எடுக்க யாரோ திறந்திருக்கிறார்கள். அந்த எண்தான் மூன்றாவதன் எண்ணை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

"ஐயோ! அவ பிழைப்புல நான்ல மண்ணைப் போட்டுட்டேன்!" தலையில் அடித்துக்கொண்டார்.

எஸ்தருக்கும் பாவமாக இருந்தது. "நாலு பேருக்கு வழிவிட்டீங்க. நல்ல மனசுதான் அண்ணாச்சி."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேனேஜருக்கு முறைப்படி விளக்கம் அனுப்பிடறேன்மா. அவர் பதில் வந்ததும் சங்கரவடிவுகிட்ட சொல்லிடறேன்."

"அதுக்குள்ள அந்த அக்கா பேர்ல இன்னும் என்னத்தையெல்லாம் எழுதிடுவாங்களோ! இப்பவே எந்திரிச்சுப் போங்க."