ஏழு விஜயதசமி ராக்கெட்டுகள்

கொரட்டூரில் ஒரு வீட்டு அலமாரியில் ஏழு ராக்கெட்டுகள் குடியிருந்தன. எல்லாம் முழ உயரத்து அட்டை ராக்கெட்டுகள். மோட்டாரைச் செருகிப் பற்றவைத்தால் தென்னைமரத்துக்கு மேலே போய், பாராசூட் விரித்து இறங்கவேண்டியவை. ஏழில் ஒன்றுகூட அலமாரியைவிட்டு ஓர் அடி உயரம் போனதில்லை.

அவற்றின் சொந்தக்காரர் ஏகாம்பரம் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஊராரையெல்லாம் மேலே அனுப்புகிறவர். விஜயதசமியன்று தொடங்கும் காரியம் விருத்தியாகும் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வருடந்தோறும் அன்றைக்கு ஒரு புது ராக்கெட் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார். தொடங்க ஒரு நல்ல நாள் இருந்தது. முடிக்கத்தான் அவருக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் நாள் கிடைக்கவில்லை.

முதல் விஜயதசமிக்கு வந்ததை எல்லோரும் மூத்தது என்று கூப்பிட்டார்கள். அதற்கு இரண்டு இறக்கைதான். மூன்றாவது ஒரு நூலளவு சாய்ந்துவிட்டது என்று ஏகாம்பரம் பிடுங்கினார், பிடுங்கியதைத் தேய்த்தார், தேய்த்துத் தேய்த்து இறக்கையே இல்லாமல் போய்விட்டது. அதற்குள் அடுத்த விஜயதசமி வந்துவிட்டது.

"எல்லாம் உன் நன்மைக்குத்தான்" என்று உப்புத்தாள் அடிக்கடி சொல்லும். அலமாரியில் அதன் பேச்சுக்குத் தனி மரியாதை. "அவசரப்பட்டுப் பறந்தவன் கதியெல்லாம் எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் நீ எங்கேயோ போய்விடுவாய்."

"எங்கேயும் போகவில்லையே!" என்று மூத்தது முனகும். அதற்கு ஒரே ஆசை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மேலே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

போகிக்கு முந்தின நாள் மத்தியானம், ஏகாம்பரத்தின் மனைவி வேதவல்லி அலமாரியைத் திறந்தாள். கையில் துடைப்பம், இடுப்பில் சொருகிய முந்தானை.

"இதோ பாருங்க. நாளைக்குப் போகி. முடிஞ்ச ராக்கெட் எதுன்னு சொல்லுங்க, ஷோகேஸ்ல வச்சிக்கலாம். முடியாததெல்லாம் காலைல தீயில போட்டுடுவேன்."

ஏகாம்பரம் ஏழையும் மேசையில் அடுக்கினார். மோவாயைத் தடவினார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? போன விஜயதசமிக்கு வாங்கிப் பொட்டு மட்டும் வைத்திருந்த ஏழாவது பெட்டியை எடுத்தார்.

"இந்த ஒண்ணையாவது மொதல்லேர்ந்து ஒழுங்கா செஞ்சிடறேன், வேதா."

மூத்தது பதறிப்போனது. தலைக்கு மேல் வெள்ளம் போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் புதுக் கணக்குத் தொடங்குகிறாரே!

"தம்பி, நீயாவது சொல்லேன்" என்று கடைக்குட்டியைக் கெஞ்சியது.

பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று இருந்த கடைக்குட்டி தலையைத் தூக்கியது. "நான் என்ன சொல்ல? என்னிடம் ஒரு குறையும் இல்லை."

"உறையைப் பிரிக்கவே இல்லையே, குறை எங்கேயிருந்து வரும்?" என்று பசைப்புட்டி பொருமியது. அதன் வாயில் ஒரு குண்டூசி செருகியிருந்தது.

இனிப் பேசிப் பயனில்லை என்று மூத்தது உருண்டது. மேசை விளிம்பில் ஒரு கணம் தயங்கி, கண்ணை மூடிக்கொண்டு விழுந்தது. விழுந்த இடம், போகிக்கென்று வேதவல்லி குவித்து வைத்திருந்த பழைய சாமான்களின் நடுவில்.

"இதுக்கு என்ன கொறை?" என்று அவள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு இறக்கை இல்ல."

"அவ்ளோதானா? இதுக்கா ஏழு வருஷம்?"

குவியலில் கிடந்த போன வருஷத்துத் தேதிக் காலண்டரின் அட்டையை எடுத்தாள். மற்ற இறக்கையை மேலே வைத்து, காய்கறி நறுக்குவதுபோல் கத்தரியால் சரசரவென்று வெட்டினாள். முருகனின் மயில் பாதியாக வந்தது.

"ஒட்டுங்க."

ஏகாம்பரம் வேறு வழியில்லாமல் குண்டூசியை உருவிப் புட்டியை அமுக்கினார். இறக்கை ஒட்டிக்கொண்டது. ஒரு நூல் சாய்ந்து.

"சாய்ந்திருக்கிறது!" என்று உப்புத்தாள் அலறியது. "பிடுங்கு! தேய்!"

ஏகாம்பரத்தின் விரல்கள் இறக்கையைப் பற்றின. மூத்ததுக்கு உயிரே போய்விட்டது. ஏழு வருடங்களுக்கு முன்னால் வந்ததும் இதே விரல்கள்தான்.

"விடமாட்டேன்" என்று பல்லைக் கடித்தது பசை. "எத்தனை நாள் வாயடைத்துக் கிடந்திருப்பேன்! இன்றைக்குப் பிடித்த பிடி பிடித்ததுதான்."

இழுத்தார். வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் வேதவல்லி.

ஏகாம்பரம் சாய்ந்த இறக்கையைப் பார்த்தார். அரை மயிலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத ஒரு சொல்லைச் சொன்னார்.

"முடிஞ்சுது."

சாயங்காலம் காலி மைதானத்தில், கடைக்குட்டி கத்தக் கத்த அதன் உறையைப் பிரித்து, மோட்டாரை எடுத்து மூத்ததுக்குச் செருகினார்கள். மூத்தது நேராகப் போகவில்லை. சாய்ந்த இறக்கை சுழற்ற, குடிகாரன் மாடிப்படி ஏறுவதுபோல் சுற்றிச் சுற்றித்தான் ஏறியது. ஆனால் ஏறியது. தென்னைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே, ஏகாம்பரம் பழுது பார்த்த எந்த லிஃப்டும் போகாத உயரத்துக்கு. சுற்றிக்கொண்டே போனதால் நாலு திசையையும் பார்த்தது. இவ்வளவு பெரியதா ஊர் என்று அதற்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கீழே ஏகாம்பரம் செருப்பு கழன்றது தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். பாராசூட் விரித்து இறங்கிய மூத்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மற்ற ஆறையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குள் ஆறும் முடிந்தன. ஆறிலும் ஏதாவது ஒன்று கோணல். மோட்டார் போன கடைக்குட்டி மட்டும் மூத்ததிடம் மெதுவாகக் கேட்டது: "அண்ணே, மேலே எப்படி இருந்தது?"

விடிந்ததும் வாசலில் போகித் தீ எழுந்தது. பொட்டு வைத்த ஏழு காலிப் பெட்டிகளையும் வேதவல்லி போட்டாள். ஏகாம்பரம் உள்ளே போய், உப்புத்தாளைக் கொண்டுவந்து அவர் பங்குக்குப் போட்டார்.

ஓரம் கருகும்போதும் உப்புத்தாள் தீயை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னது: "எரிவதெல்லாம் சரி, நாக்குகள் ஒரே மட்டத்தில் இல்லையே. இன்னும் கொஞ்சம் தேய்த்தால்..."