திரும்பி வந்த சம்பளம்

"கேட்கிறவன் இலை எப்படியும் நிறைஞ்சிரும், கேட்காதவன் இலைக்கு…" என்று பந்தியில் பரிமாறும்போது பெரியப்பா சொல்வதுண்டு. மீதிப் பாதி தவசிமுத்துவுக்கு நினைவில் இல்லை.

இருபது வருடம் மஸ்கட்டில் சரக்குக் கிட்டங்கி பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். நாற்பத்தெட்டு வயதில், நாகர்கோவில் பக்கம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சம்பளக் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்த ரத்தினபாய் அவரைவிடப் பத்து வயது இளையவர். எல்லோருக்கும் டீச்சர்.

அன்று பதினெட்டாம் தேதி. வங்கிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு வந்த தவசிமுத்து ஒரு வரியில் நின்றார்.

"டீச்சர், ஒரு சம்பளம் திரும்பி வந்திருக்கு. சலவைப் பிரிவு இசக்கியம்மாள். கணக்கு மூடப்பட்டதுன்னு போட்டிருக்கு. மூணாம் தேதியே வந்திருக்கு, நான் இப்பதான் பாக்கேன்."

"என்ன செய்யப் போறீங்க?"

"பணம் நம்மகிட்ட வந்துட்டுல்லா. சம்பளச் செலவுல குறைச்சிட்டா கணக்கு நேராயிரும்."

ரத்தினபாய் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவங்க செஞ்ச வேலையும் திரும்பி வந்துட்டா?"

தவசிமுத்து செலவில் குறைக்கத் தொடங்கியதை அழித்தார். 'கொடுக்க வேண்டிய சம்பளம்' என்ற தலைப்பின் கீழ் அந்தத் தொகையை எழுதினார். டீச்சர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தவசிமுத்து மறுபடி கேட்டார். "பதினஞ்சு நாளாச்சு, அவங்க கேட்டு வரலையே. அவசரம் இல்ல போலிருக்கு. வழக்கம்போல அடுத்த சம்பளத்தோட சேத்துப் போட்டுரலாமா?"

ரத்தினபாய் பேனாவை மூடினார். "வாங்க, ஒரு சாயா குடிச்சிட்டு வருவோம்."

கேன்டீன் வந்தது. டீச்சர் நிற்கவில்லை. சலவை அறையின் வெக்கை வாசலுக்கு வெளியிலேயே முகத்தில் அடித்தது.

கணக்கு அலுவலகத்து ஆட்களைக் கண்டதும் இசக்கியம்மாள் மடித்துக்கொண்டிருந்த விரிப்போடு எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலியே டீச்சர்."

"நாங்கதான் கேக்க வந்தோம். சம்பளம் வரலன்னு ஏன் சொல்லல?"

"பிடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். போன மாசம் இஸ்திரியில நாலு விரிப்பு கருகிப் போச்சுல்லா."

"நாலு விரிப்புக்கு ஒரு மாசச் சம்பளமா?" என்றார் தவசிமுத்து.

"ஒரு விரிப்பு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதே சார்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாங்குல கணக்கை மூடிட்டீங்களாம்மா?"

"ஏடிஎம் கார்டு எங்க வீட்டு மனுசன் கையில. ஒண்ணாந் தேதி நான் போறதுக்குள்ள வழிச்சு எடுத்துருவாரு. அதான் மூடிட்டு வேற பாங்குல தொடங்கினேன். என் பேரைப் பாத்து வந்துரும்னு இருந்தேன்."

பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தவள் சிரித்தாள். "ஏட்டி, சம்பளம் என்ன லெட்டரா, பேரைப் பாத்து வீடு தேடி வர?"

இசக்கியம்மாளும் சிரித்தாள். சிரிப்பை மறைக்கத் தலையைத் திருப்பியபோது காது தெரிந்தது. கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தாள்.

தவசிமுத்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"வீட்டு வாடகைக்கு அடகு வச்சிருக்கேன் சார். மீட்டுரலாம்," என்றாள் அவள், அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல.

ரத்தினபாய் அவள் கையிலிருந்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக அதை மடித்து முடித்தார்கள். தவசிமுத்து புதுக் கணக்கு எண்ணைக் குறித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் மாடிப்படி ஏறும்போது தவசிமுத்து கேட்டார்.

"நடுமாசத்துல தனியா ஒரு சம்பளம் அனுப்புனா அறக்கட்டளைச் செயலாளர் ஏன்னு கேப்பாரே டீச்சர். நீங்க சொன்னதாச் சொல்லிரட்டுமா?"

"வேண்டாம். நீங்க பாத்ததாச் சொல்லுங்க."

பகல் மூன்று மணிக்குத் தவசிமுத்து செயலாளரிடம் கையெழுத்து வாங்கினார். இசக்கியம்மாளின் புதுக் கணக்குக்கு அந்த ஒரு சம்பளத்தை அன்றைக்கே அனுப்பினார்.