துப்பாக்கி மருந்து தின்ன பேய்

முன்னொரு காலத்துல ஆந்தைமலைச் சீமைய வீரகண்டன்னு ஒரு ராசா ஆண்டாரு. வீரம் பேருல மட்டுந்தான். பல்லி கத்துனாக்கூட கட்டில் மேல ஏறி நிப்பாரு.

அந்த வருசம் காட்டுல ஆட்கொல்லிப் புலி. சுடலாம்னா கோட்டைக் கிடங்குல துப்பாக்கி மருந்து இல்ல. ஆத்து வெள்ளத்துல, மருந்து இடிக்க வெடியுப்பு கொண்டாற வண்டி கொஞ்ச நாள் நின்னுச்சு, வாஸ்தவந்தான். நெறஞ்சு கெடந்த கிடங்கு அதுக்குள்ளயா காலியாகும்? வேட்டைக்காரன் கருப்பணன் வீடு வீடா மருந்து கேட்டான். எல்லாரும் கைய விரிச்சாங்க. மருந்து போடுற மாட்டுக்கொம்பு, நுனி ஒடிஞ்சது, அதைக் காலியாவே இடுப்புல கட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போனான். ஆளு திரும்பல. தலைப்பா மட்டும் முள்ளுல தொங்குச்சு.

தளபதி சூரப்பனுக்கு மந்திரி கூத்தையன் மேல எப்பவும் வயித்தெரிச்சல். "மகாராசா, மருந்தப் பேய் தின்னுருச்சு! கிடங்குல அது ஊளையிடுறத நானே கேட்டேன். கிடங்குக்குப் பூசை வேணாம்னு தடுத்தது இந்த மந்திரிதான்!"

ராசா சிம்மாசனத்து மேல ஏறி நின்னுக்கிட்டாரு. "யோவ் கூத்தையா! அமாவாசைக்குள்ள பேயப் புடி. இல்ல, ஆட்டுக்குட்டிக்குப் பதிலா உம்மைக் கட்டிப் புலியக் கூப்புடுவேன்."

கூத்தையன் கிடங்குக்குப் போனான். காலிப் பானைக்குள்ள காத்து பூந்து ஊளையிட்டுச்சு. அவ்வளவுதான் பேய். வீட்டுக்கு வந்து கம்பு அள்ளக் குதிருக்குள்ள கைய விட்டா, பானை நெறைய மருந்து!

"அடியே, என்னடி இது?"

"வண்டி நின்ன அன்னிக்கு, இனிமே மருந்தே வராதுன்னு தளபதி சொன்னாரு. ஊரே கிடங்குல பூந்து அள்ளுச்சு. நாம மட்டும் இளிச்சவாயங்களா?" ன்னா பொண்டாட்டி.

மறுநாளு கூத்தையன் சொல்லித் தமுக்கு அடிச்சாங்க. "பேய்க்கு இன்னும் பசி அடங்கலையாம்! ஒரு கொம்புக்கு மேல மருந்து இருக்குற வீட்டுக்குப் பொழுது சாய வருதாம், கையில கொள்ளிக்கட்டையோட!"

பொழுது சாஞ்சுச்சு. பனிமூட்டம். கோட்டைமேல நின்ன ராசா கீழ பாத்தாரு. முக்காடு போட்ட உருவங்க, பேச்சு மூச்சில்லாம, வரிசையா, தலைக்கொரு பானையோட கிடங்கப் பாத்து வந்துச்சுங்க.

"மந்திரி... அத்தனையும் பேயா?"

"ஆமா மகாராசா. உங்களுக்கு வரி கட்டுற பேய்ங்க."

ஒரு தடிப் பேய் வண்டியோட வந்துச்சு. முக்காடு நழுவுச்சு. சூரப்பன்!

"ஓய் தளபதி, பேய் உம்ம வீட்லதான் குடித்தனமா? புலிக்கு முன்னால நீரே போய் நில்லும்!" ராசா குலுங்கிச் சிரிச்சாரு.

"அப்படியே உங்க கட்டிலுக்கடியில இருக்குற பானையையும்..." கூத்தையன் இழுத்தான்.

சிரிப்பு நின்னுச்சு. "உமக்கு எப்படித் தெரியும்?"

"பல்லிக்குப் பயந்து கட்டில் ஏறுறவரு, இப்பக் கட்டிலுக்குப் பயந்து கூடத்துல படுக்குறீங்களே!"

ராசா வெக்கப்பட்டு, கிடங்குச் சாவிய மந்திரி கையில குடுத்தாரு.

அப்பத்தான் கடைசியா ஒருத்தன் வந்தான். தலையில பானை இல்ல. நுனி ஒடிஞ்ச மாட்டுக்கொம்பு ஒண்ண வச்சான். காலிக் கொம்பு. காட்டப் பாத்து நடந்தான். ஈரச்சேத்துல காலடியே இல்ல.

"இவன் எந்தத் தெருக்காரன்?" ராசா கேட்டாரு.

பேயக் கட்டிவிட்ட கூத்தையனே அந்தக் கொம்பத் தொட்டுக் கும்புட்டான். அது கருப்பணனோட கொம்பு.

புலியச் சுட்டாச்சு. அந்தக் கொம்பக் கிடங்கு வாசல்ல கட்டித் தொங்கவிட்டாங்க. வேட்டைக்கு ஒரு கொம்பு, மிஞ்சுனா திருப்பிக் கொட்டணும். தேவைக்கு அள்ளுனா சட்டுனு நெறையும். பதுக்க அள்ளுனா, விடிய விடிய கொட்டுனாலும் நெறையாதாம். உள்ளாற யாரோ மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குமாம்.

நம்பலேன்னா நீங்களே அள்ளிப் பாருங்க. நான் வரல சாமி.