குளிராட்டிக்காரர்கள் பஸ்ஸைக் காப்பாற்றிய கதை

மூன்று பக்கம் மலை. நாலாவது பக்கம் கீழே இறங்கும் ரோடு. நடுவிலிருக்கும் பள்ளத்தாக்கில் இருபத்தேழு பேர். ஊர் பெயர் குளிராட்டி. அங்கே புத்திசாலியே கிடையாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒருத்தர் இருந்தார். அவரும் கல்யாணமாகி, டவுனில் மாமனார் வீட்டோடு போய்விட்டார்.

மிச்சமிருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்பவர்கள், அதுதான் தொல்லை. கீழேயிருந்து சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு யார் வந்து எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்வார்கள். எள்ளளவு குறைக்கவும் மாட்டார்கள், கூட்டவும் மாட்டார்கள். ஒரு தடவை சுகாதார ஆய்வாளர் வந்து, கொசு அடைகிறது, தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே மூடிவிட்டார்கள். திறப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததால், அவர் மறுபடி வரும்வரை பதினெட்டு நாள் ஓடைக்குக் குடம் தூக்கினார்கள். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. கொசு குறைந்துவிட்டது என்று பெருமைதான் பட்டுக்கொண்டார்கள்.

இந்த ஊருக்கு ஒரே ஒரு மினி பஸ். காலை ஒன்பது மணிக்கு மேலே வந்து திரும்பிக் கீழே போகும், மதியம் மூன்று மணிக்கு இன்னொரு நடை. குளிராட்டிக்காரர்கள் அவசியமில்லாமல் ஊரை விட்டு அசையமாட்டார்கள் என்பதால் பல நாள் அதில் ராமாத்தாளும் அவளுடைய இரண்டு பீன்ஸ் மூட்டையும்தான். ராமாத்தாள் தனிக்கட்டை. அரை ஏக்கர் பீன்ஸ்தான் அவளுக்குச் சோறு. பறித்த பீன்ஸ் அன்றைக்கே சந்தைக்குப் போகவேண்டும். ஒரு நாள் கிடந்து தொய்ந்துவிட்டால் வியாபாரி மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டான்.

அந்த மாதம் இரண்டாம் தேதி பஸ் முதலாளி நாச்சிமுத்து தன் பஸ்ஸிலேயே ஏறி வந்தார். அவர் சட்டைப் பையில் இரண்டு பேனா.

"காலியா வருது, காலியாப் போகுது," என்றார். "இந்த அம்மாவுக்கும் ரெண்டு மூட்டைக்குமா நான் பஸ் ஓட்டறேன்? அருவி இருக்குது, மலை இருக்குது. சுத்திப் பாக்க ஆள் வர்ற மாதிரி ஊரை வெச்சுக்குங்க. கீழ பஸ் ஸ்டாண்டுல நான் நோட்டீஸ் ஒட்டறேன். மாசக் கடைசி சனிக்கெழமை பாப்பேன். பஸ் நெறஞ்சிருந்தா ஓடும். இல்லீன்னா அன்னியோட நிறுத்திருவேன்."

சொன்னால் மறந்துவிடுவார்கள் என்று நினைத்து, பாவம், ஒரு தாளில் நாலு வரி எழுதியும் கொடுத்துவிட்டார். அருவியைச் சுத்தமாக வைக்கவேண்டும். வியூ பாயிண்டில் பார்வையை மறைக்கும் எதுவும் இருக்கக்கூடாது. வருகிறவர்களுக்கு கிராம வாழ்க்கையைக் காட்டவேண்டும். பஸ் எப்போதும் நிறைந்திருக்கவேண்டும்.

ராமாத்தாளுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. டவுன் பதினாலு கிலோமீட்டர். மூட்டையைத் தலையில் வைத்து நடந்து போனால் சந்தை கலைந்து மாடு மேய்ந்துகொண்டிருக்கும். விடிந்ததும் அவள் ஊர்க் கமிட்டித் தலைவர் வெள்ளியங்கிரி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணா, பஸ்ஸு நின்னா என் பொழப்பும் நின்னுருமுங்க."

"பயப்படாத அம்மணி," என்றார் வெள்ளியங்கிரி. "அதான் எழுதிக் குடுத்துட்டாரே. எழுதுனபடி செய்யறோம், பஸ்ஸைக் காப்பாத்தறோம்."

கமிட்டி என்பது வெள்ளியங்கிரியும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த சென்னியப்பனும். முதலில் அருவியைக் கவனித்தார்கள். ஊரே திரண்டு தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு போய் மூன்று நாள் பாறையைத் தேய்த்தது. தலைமுறை தலைமுறையாகப் படிந்த பாசி எல்லாம் போய், பாறை கழுவிக் கவிழ்த்த சட்டி போலப் பளிச்சென்று ஆனது. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் அதன்மேல் பத்து இலை, ஒரு சுள்ளி, ஒரு செத்த தவளை.

வெள்ளியங்கிரி தவளையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சென்னியப்பா, இதெல்லாம் எங்கிருந்து வருது?"

"மேலயிருந்து தண்ணியோட வருதுங்க."

"அப்ப அருவியை அழுக்குப் பண்றது ஆரு?"

சென்னியப்பன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் வெளுத்தது. "தண்ணிங்க," என்றார்.

குற்றவாளி கிடைத்த பிறகு தாமதம் எதற்கு? மேலே ஓடையில் மண் மூட்டை அடுக்கித் தண்ணீரை மலையின் அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு குளிராட்டி அருவியில் ஒரு தூசி கிடையாது.

அடுத்தது வியூ பாயிண்ட். ஊருக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அங்கே நின்ற நெல்லிமரம் பார்வையை மறைத்தது, வெட்டினார்கள். யாரும் விழாமலிருக்க அவர்களே கட்டிய மூங்கில் வேலி மறைத்தது, பிடுங்கினார்கள். பிறகு இருவரும் நின்று பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியிலீங்க," என்றார் பின்னால் நின்ற சென்னியப்பன். "உங்க தலை மறைக்குதுங்க."

வெள்ளியங்கிரி பெருந்தன்மையாகப் பின்னால் போய் நின்றார். இப்போது அவருக்குச் சென்னியப்பன் தலையில் கட்டியிருந்த உருமால் மறைத்தது.

"மரத்தை எடுத்தோம், வேலியை எடுத்தோம்," என்றார் வெள்ளியங்கிரி. "இன்னும் மறைக்குதுன்னா மனுசன்தான் மறைக்கிறான்."

பாறைக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு பலகை மாட்டினார்கள். 'வியூ பாயிண்ட். பார்வையை மறைக்கும் என்பதால் யாரும் உள்ளே வரக்கூடாது.' ராமாத்தாளுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம் தட்டியது.

"அப்ப வர்றவங்க எப்படீங்க பாப்பாங்க?"

"பாக்கறதைப் பத்தி எழுதலை அம்மணி. மறைக்கறதைப் பத்தித்தான் எழுதியிருக்குது."

ஆனாலும் வெள்ளியங்கிரி இரக்கப்பட்டு ஒரு ஏற்பாடு செய்தார். சென்னியப்பன் குள்ளம், அதிகம் மறைக்கமாட்டார். அவர் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கயிற்றுக்கு வெளியே நிற்கிறவர்களுக்குச் சொல்வது என்று முடிவானது.

இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, 'குளிராட்டி ஒரு நாள் சுற்றுலா' என்ற நோட்டீஸைப் படித்துவிட்டு இருபத்தாறு பேர் அந்த மினி பஸ்ஸில் மேலே போனோம். அதில் நானும் ஒருத்தன். துண்டு, மாற்றுத் துணி, சீயக்காய் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன்.

வெள்ளியங்கிரி எங்களை அழைத்துக்கொண்டு போய் ஒரு காய்ந்த பாறைக்கு முன்னால் நிறுத்தினார்.

"அருவி எங்கீங்க?" என்று கேட்டேன்.

"இதுதானுங்க. கிட்ட வந்து பாருங்க. சுத்தமா இருக்குதுங்களா?"

சுத்தமாகத்தான் இருந்தது. நாங்கள் என்ன செய்தோம் என்கிறீர்கள்? சண்டை போட்டோமா? திரும்பிப் போனோமா? இல்லை. ஒவ்வொருவராக அந்தப் பாறைக்கு முன்னால் நின்று, தலை நனைந்த மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு செல்ஃபி எடுத்தோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டே எடுத்தார். குளிராட்டிக்காரர்களைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுவதுதான் யோக்கியம்.

வியூ பாயிண்டில் கயிற்றுக்கு வெளியே வரிசையாக நின்றோம். சென்னியப்பன் உள்ளே போய்க் கையை நெற்றியில் வைத்து நன்றாகப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன தெரியுதுங்க?" என்றோம்.

"பள்ளத்தாக்குங்க."

"எப்படி இருக்குது?"

"பச்சையா இருக்குதுங்க."

ஒரு அம்மா, மான் தெரிகிறதா என்று பார்த்துவரச் சொன்னார். சென்னியப்பன் மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்றார். அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே வருத்தம்.

மதியம் கிராம வாழ்க்கை. குளிராட்டியில் மதியம் எல்லோரும் தூங்குவார்கள். அதனால் மாரப்பன் என்பவர் வீட்டுக்குள் எங்களைக் கூட்டிப்போய், கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அவரைச் சுற்றி நிற்க வைத்தார்கள். கால் மணி நேரம் நின்றோம்.

"எந்திரிச்சு ஏதாவது செய்வாருங்களா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"நாலு மணிக்கு எந்திரிப்பாருங்க," என்றார் வெள்ளியங்கிரி. "எந்திரிச்சு இருமுவாரு. அதுக்குள்ள உங்களுக்கு பஸ்ஸு போயிருமுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் திட்டினோம். ஆனால் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் எடுத்த வீடியோ, தண்ணீரில்லாத அருவி, பார்க்கக்கூடாத வியூ பாயிண்ட் என்று போன் போனாகப் பரவிவிட்டது. நம் ஜனங்களுக்கு நல்ல இடத்தைவிடக் கேவலமான இடத்தைப் பார்க்கத்தான் ஆசை அதிகம். அடுத்த சனிக்கிழமை ஊர் கூடிவிடும் என்பது டவுனில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மேலே இருந்தவர்களுக்குத்தான் தெரியாது.

அந்த வியாழக்கிழமை குளிராட்டியில் கமிட்டி கூடியது. இனி நடந்ததெல்லாம் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"முதலாளி பாக்க வர்றாரு. அன்னிக்குன்னு ஆளே வர்லீன்னா?" என்று ராமாத்தாள் கேட்டாள்.

சென்னியப்பன் தாளை விரித்து நாலாவது வரியைப் படித்தார். "பஸ் எப்போதும் நிறைந்திருக்கவேண்டும். ஆரை வெச்சு நெறைக்கோணும்னு போடலீங்க."

"முதலாளி எங்க நின்னு பாப்பாருன்னு போட்டிருக்குதா?" என்றார் வெள்ளியங்கிரி.

"அதும் இல்லீங்க. மேலயும் பாக்கலாம், கீழயும் பாக்கலாம், வழியில வளைவுல நின்னும் பாக்கலாம்."

"அப்ப எல்லா எடத்துலயும் நெறஞ்சிருக்கோணும்."

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு பஸ் மேலே வந்தது. குளிராட்டியே குளித்து, பொட்டு வைத்து ரோட்டோரம் நின்றது. பஸ்ஸில் இருபத்தாறு சீட்டு, மலை ரோடு என்பதால் நின்று போக அனுமதி கிடையாது. ஊரில் இருபத்தேழு பேர். மாரப்பன் அப்போதும் தூங்கிக்கொண்டிருந்ததால் கணக்கு கச்சிதமாகச் சரியாகிவிட்டது. ராமாத்தாள் மட்டும் பிழைப்பை விடாமல் இரண்டு மூட்டை பீன்ஸோடு ஏறினாள்.

கீழே பஸ் ஸ்டாண்டில் இருநூறு பேர் காத்திருந்தார்கள். கூடையும் குழந்தையும் கேமராவுமாகத் திருவிழாக் கூட்டம். முதலாளி நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். பஸ் வந்து நின்றதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். ஒருத்தரும் இறங்கவில்லை.

"எறங்குங்கப்பா, கூட்டம் நிக்குது," என்றார்.

வெள்ளியங்கிரி சன்னல் வழியாகக் கும்பிட்டார். "பஸ்ஸு நெறஞ்சிருக்குதுங்களா?"

"நெறஞ்சிருக்குது. நீங்க எறங்குனாத்தான இவங்க ஏறுவாங்க?"

"நாங்க எறங்குனாக் காலியாயிருமுங்களே. உங்க கையெழுத்துங்க இது. எப்போதும்னு போட்டிருக்குதுங்க."

நாச்சிமுத்து அரை மணி நேரம் விளக்கினார். முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், கடைசியில் கண் கலங்கினார். சென்னியப்பன் ஒவ்வொரு தடவையும் நாலாவது வரியை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார். வெயில் ஏறிக்கொண்டே போனது. கூட்டம் பொறுமையிழந்து ஜீப் பிடித்து மேலே போய்விட்டது.

அங்கே போய் என்ன கண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாறையைப் பார்த்தார்கள். பலகையைப் படித்தார்கள். சென்னியப்பன் இல்லாததால் பள்ளத்தாக்கு எப்படி இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. ஊரில் இருந்த ஒரே ஆளான மாரப்பனை இருநூறு பேரும் முறை வைத்து உள்ளே போய்ப் பார்த்தார்கள். எவ்வளவு அமைதியான இடம் என்று ஒருவர் எழுதியும் போட்டார்.

இங்கே நாச்சிமுத்து பஸ் சக்கரத்தின்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மனுசனுக்கு எல்லாத் தெம்பும் போய்விட்டது.

"ஓடுமய்யா," என்றார். "இந்த பஸ்ஸு நிக்காது. ஆளை விடுங்க."

உள்ளே இருபத்தாறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி துண்டால் கண்ணைத் துடைத்தார். ராமாத்தாள் வாய்விட்டே அழுதுவிட்டாள். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. சந்தை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருக்கிறது, வியாபாரிகள் இன்னும் தராசை ஏறக்கட்டவில்லை. அவள் மூக்கைச் சிந்திவிட்டு, முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஒரு காலை வைத்தாள்.

"எங்க அம்மணி?" என்றார் வெள்ளியங்கிரி.

"சந்தைக்குங்கண்ணா. அதான் நிக்காதுன்னுட்டாரே. பீன்ஸைக் குடுத்துட்டு வந்தர்றேன்."

இருபத்தைந்து பேரும் திரும்பி அவளுடைய காலிச் சீட்டைப் பார்த்தார்கள்.

"ஏன் அம்மணி," என்றார் வெள்ளியங்கிரி, மனசு நொந்துபோய். "எறங்கறதுக்கா இந்த பஸ்ஸை இத்தனை பாடுபட்டுக் காப்பாத்துனோம்?"

அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. அவளும் அந்த ஊர்க்காரிதானே. மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். குளிராட்டி பஸ் அன்றிலிருந்து ஒரு நாளும் காலியாக ஓடியதில்லை. பீன்ஸும் தினம் இரண்டு தடவை சந்தை வரைக்கும் போய்விட்டு வீடு திரும்புகிறது.