இரண்டு வலக்கொடுக்குகள்

காட்டின் ஓரத்தில், ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் செம்பன் என்றொரு நண்டு இருந்தான். சும்மா இருக்கவே அவனுக்குத் தெரியாது. வளைக்குள் போவான், வெளியே வருவான், அலையைப் பார்ப்பான், மறுபடி உள்ளே போவான். அவனுக்கு வலக்கொடுக்கு பெரிது. அவனுடைய கூட்டாளி பாசிக்கு இடக்கொடுக்கு பெரிது.

ஆமைகள் பள்ளத்தில் இட்டுவிட்ட முட்டைகளை மேட்டில் சேர்ப்பதுதான் இவர்களுடைய வேலை. எதிரெதிரே நின்றால் இரண்டு பெரிய கொடுக்குகளும் ஒரே பக்கம் நேருக்கு நேர் வரும்; அவற்றுக்கு நடுவே முட்டையைப் பிடித்து, மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். கெட்டியாக இருந்தால் மேட்டு மணலுக்கு, தொளதொளவென்று இருந்தால் சேற்றுக்குழிக்கு. பிறகு இருவரும் பக்கவாட்டில் நடப்பார்கள். நண்டுக்கு வேறு எப்படி நடக்கத் தெரியும்?

ஒருநாள் ஓர் ஆமை மூச்சிரைக்க வந்தாள்.

"தம்பி, தண்ணி ஏறுது. என் முட்டை பத்தும் பள்ளத்துல கிடக்கு. நான் மேட்டுல குழி தோண்டுறேன், நீங்க கொண்டாந்துடுங்க. மேல்பக்கம் மேலேயே இருக்கணும். உருண்டா குஞ்சு பிழைக்காது."

செம்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாசியோ முதல் முட்டையை நிதானமாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் தடவிட்டே இருப்பே?"

"பிடி சரியா விழட்டும், செம்பா."

"அதுக்குள்ள கடலே வந்துடும்" என்று அவளை விட்டுவிட்டுப் பக்கத்து வளை நண்டு கடுக்கனிடம் ஓடினான். கடுக்கனும் வேகக்காரன். அவனுக்கும் வலக்கொடுக்குதான் பெரிது.

"நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி. ஒரு நொடியில முடிச்சிடலாம், வா."

இருவரும் எதிரெதிரே நின்று முட்டையைப் பிடித்தார்கள். செம்பன் ஓர் ஓரத்தில் அழுத்தினான், கடுக்கன் மறு ஓரத்தில் அழுத்தினான். எந்தக் கொடுக்குக்கும் எதிரே தாங்க இன்னொரு பெரிய கொடுக்கு இல்லை. முட்டை பம்பரமாய்ச் சுற்றிக் கவிழ்ந்தது.

"நீதான் தள்ளினே."

"நீ இறுக்கிப் பிடிக்கலை."

இரண்டாவது முட்டையை இன்னும் வேகமாகப் பிடித்தார்கள். அது இன்னும் வேகமாக உருண்டது. அலை வந்து கால்களை நனைத்தது. கடுக்கன் மெதுவாக நழுவிவிட்டான்.

செம்பன் பாசியிடம் போனான்.

"என்னால முடியலை பாசி. நீ வா."

"எதிர்ல நில்லு" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

மீதி எட்டையும் தூக்கினார்கள். பாசி ஒவ்வொன்றையும் பழையபடி நிதானமாகத்தான் அழுத்தினாள். செம்பனின் கால்கள் பரபரத்தன, ஆனாலும் பிடியை அசைக்கவில்லை. ஒன்று தொளதொளவென்று இருந்தது, சேற்றுக்குப் போனது. ஏழு மேட்டில் சேர்ந்தன. உருண்ட இரண்டையும் கடைசியில் கொண்டுபோனார்கள்.

"எல்லாம் நல்லா இருக்கா, தம்பி?" என்று ஆமை கேட்டாள்.

"ஏழு நல்லா இருக்கு, அக்கா. ஒண்ணு முன்னாடியே கெட்டிருந்தது. இந்த ரெண்டையும் நான் உருட்டிட்டேன்."

ஆமை அந்த இரண்டையும் தனிக்குழியில் வைத்து மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பினாள்.

நாற்பத்தெட்டாம் நாள் ஏழு குஞ்சுகள் மணலைப் பிளந்து வந்து கடலுக்குள் ஓடின. செம்பன் மற்ற குழியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்தி சாயும்வரை அங்கே மணல் அசையவில்லை.

நீதி: நம்மைப் போலவே இருப்பவரைவிட, நம்மிடம் இல்லாததை உடையவரே நமக்கு ஏற்ற துணை.