பளிங்கு ஆத்தா தூங்கின ராத்திரி

ஒரு ஊர்ல ஒரு சத்தம் இருந்துச்சு.

ராஜா இல்ல, ராணி இல்ல, சிங்கம் இல்ல. சத்தம்தான். பகல்ல அது எங்க ஒளிஞ்சிருக்கும்னு யாருக்கும் தெரியாது. பொழுது சாஞ்சு, மாடெல்லாம் தொழுவத்துக்கு வந்து, விளக்கு வச்ச பிற்பாடு மெதுவாக் கிளம்பும். "ஹா... ஆ... ஆவ்"னு ஒரு இழுப்பு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. அப்புறம் "டிக்". அவ்வளவுதான். ம் சொல்லு.

ம்.

பேய் இல்ல கண்ணு. பேயா இருந்தா நான் இந்தக் கதையையே எடுத்திருக்க மாட்டேன். நீ காலைப் போர்வைக்குள்ள வை.

அந்தச் சத்தத்தை முதல்ல கேட்டவ தையல்நாயகி. தச்சர் வீட்டு மருமக. கோயிலுக்குப் பின்சுவரை ஒட்டினாப்பல அவ வீடு. புருஷன் வெளியூர்ல கதவு வேலைக்குப் போயிருந்தான், வர ஒரு மாசம் ஆகும். வீட்டுல அவளும், வடிவுன்னு ஒரு கைக்குழந்தையும்தான். தையலுக்குப் பயம்னா அப்படி ஒரு பயம். தாழ்ப்பாளைப் போடுவா, வந்து படுப்பா. எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பா, வந்து படுப்பா. இழுத்துப் பார்ப்பா, அப்புறம்தான் கண்ணை மூடுவா. அந்தத் தாழ்ப்பாளும் பாவம், அவ விரல் பட்டுப் பட்டே பளபளன்னு ஆயிடுச்சு.

அந்த ஊர்க் கோயில்ல பிள்ளையார் கருப்பு, முருகன் கருப்பு, அம்மனும் கருப்பு. எல்லாம் கருங்கல்லு. எண்ணெய் தடவித் தடவி நாவப்பழம் மாதிரி மினுக்கும். அந்த வருசம் வடக்கே யாத்திரை போனவங்க ஒரு சரஸ்வதி ஆத்தாளை ரயிலேத்திக் கூட்டிட்டு வந்தாங்க. வைக்கோல் சுத்தி மரப்பெட்டியில வந்தா. பெட்டியைத் திறந்தா, வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை இல்ல. உடைச்ச தேங்காய்க்குள்ள இருக்குமே, அந்த வெள்ளை. பளிங்கு. நாலு கை, மடியில வீணை, காலடியில ஒரு அன்னம். கண்ணுக்கு மட்டும் மை தீட்டி, அகலமா, இமைக்காமப் பார்க்கும்.

அன்னம்னா?

அன்னம்னா பாலையும் தண்ணியையும் கலந்து வச்சா, பாலை மட்டும் குடிச்சிட்டுத் தண்ணியை விட்டுடும். நல்லது எது கெட்டது எதுன்னு பிரிக்கத் தெரியணும்னு அர்த்தம். அதனாலயே ஊருக்குப் பால் ஊத்துற சின்னக்கருப்பன் மட்டும் அந்த அன்னத்துக்கு எதிர்ல நின்னு கும்பிடவே மாட்டான். தூண் பக்கமா ஒதுங்கித்தான் கும்பிடுவான்.

அப்போ, அந்த ஆத்தாளுக்குன்னு தனியா ஒரு அறை கட்டினாங்க. வெளியூர் கிளம்புறதுக்கு முன்னாடி தையல் புருஷன்தான் கதவு செஞ்சு போட்டான். அறை கட்டின பதினஞ்சாம் நாள்லேர்ந்து இந்தச் சத்தம். "ஹா... ஆ... ஆவ்." "டிக்."

பூசாரி குழந்தைவேலு காதை வச்சுக் கேட்டார். சத்தம் ஆத்தா அறைக்குள்ளேர்ந்துதான் வருது. விளக்கைத் தூக்கிப் பார்த்தா, ஆத்தா தோள்ல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஒவ்வொரு "டிக்"குக்கும் ஒரு நெல்லு நீளம் வளருது. பூசாரி ஓடிப் போய் ஊரைக் கூட்டினார்.

"விரிசல் வீணை வரைக்கும் வந்துச்சுன்னா சிலை பின்னம்யா. பின்னமான சிலைக்குப் பூசை கிடையாது. ஆத்துலதான் விடணும்."

ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு. அறையில வச்சு ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள ஆத்துலயா?

பூசாரி சொன்னார், "ஆத்தாளுக்குப் பசி." உடனே ஒரு அண்டா சக்கரைப் பொங்கல். நெய்யி மட்டும் வழியுது. ஆத்தா முன்னாடி வச்சாங்க. ஊர் சாப்பிட்டுச்சு, அண்டா காலியாச்சு. ராத்திரி வந்துச்சு. "ஹா... ஆ... ஆவ்." "டிக்."

அப்புறம் சொன்னார், "பசி இல்ல, சூடு. வடக்கேர்ந்து ரயில்ல வந்த சூடு. எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினா இறங்கிடும்." நம்ம ஊர்ல சாமிக்கு உடம்பு சரியில்லைன்னாலும் நல்லெண்ணெய்தான், மனுசனுக்கு உடம்பு சரியில்லைன்னாலும் நல்லெண்ணெய்தான். மூணு படி எண்ணெய், தலையில ஊத்தி, "சளக் சளக்"னு தேய்ச்சு விட்டாங்க. மேல மஞ்சள் வேற. பிள்ளையாருக்கு ஊத்தினா அது பாட்டுக்கு மினுக்கிட்டு உக்காந்திருப்பார். பளிங்குக்குத் தெரியுமா? எண்ணெயை உறிஞ்சிக்கிட்டு, கன்னம் கழுத்தெல்லாம் திட்டுத் திட்டா மஞ்சளாயிடுச்சு. "ஆத்தாளுக்கே அம்மை போட்டிருக்கு"ன்னு ஒரு கிழவி வேப்பிலையைக் கொண்டு வந்துட்டா. ராத்திரி மறுபடியும் "ஹா... ஆ... ஆவ்." "டிக்." இந்தத் தடவை கொஞ்சம் பலமா.

ம்.

மூணாவதா நாயனக்காரரைக் கூட்டிட்டு வந்து நீலாம்பரி வாசிக்கச் சொன்னாங்க. அந்த ராகம் தூங்க வைக்கிற ராகம். "பீ... பீபீ..."ன்னு அவரு இழுக்க இழுக்க, பூசாரி தூங்கினார், ஊர்ப் பெரியவங்க தூங்கினாங்க, தவில்காரரு தவில் மேலயே சாஞ்சு தூங்கினார். "கொர்ர்ர்"னு ஊரே குறட்டை. ஆத்தா மட்டும் முழிச்சிட்டு இருந்தா. விரிசல் வீணைக்கு ஒரு விரக்கடை தூரத்துக்கு வந்துடுச்சு.

அன்னைக்கு ராத்திரி தையல் மடியில புள்ளையைப் போட்டுத் தட்டிட்டு இருந்தா. சுவருக்கு அந்தப் பக்கம் "ஹா... ஆ... ஆவ்". இந்தப் பக்கம் வடிவு, இத்துனூண்டு வாயைத் திறந்து, அதே மாதிரி "ஆவ்". அதைப் பார்த்துத் தையலுக்கும் "ஆவ்". அப்போதான் அவளுக்குச் சுருக்குன்னுச்சு.

அட, இது கொட்டாவி.

ஊர்ல இத்தனை பெரிய மனுசங்க கேட்டும் கண்டுபிடிக்கலை. ராத்திரி ராத்திரி கைக்குழந்தையோட முழிச்சிருக்கிறவளுக்குத் தெரிஞ்சு போச்சு. ஆத்தாளுக்குத் தூக்கம் வருது, தூங்க முடியலை. அதான் உடம்பு விரிசல் விடுது.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துல புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுப் பூசாரிகிட்டப் போனா.

"ஐயா, சாவி கொடுங்க. அந்தக் கறையை எடுத்துப் பார்க்கிறேன்."

"எதை வச்சு எடுப்ப தாயி? நான் புளி போட்டுத் தேய்க்கலாம்னு இருந்தேன்."

"ஐயோ, புளி வேண்டாங்கய்யா, அரிச்சிடும். எண்ணெய் சிந்தின பலகைக்கு எங்க வீட்டுல பச்சரிசி மாவைத்தான் குழைச்சு அப்புவோம். மாவு குடிச்சிடும்."

பூசாரி சாவியைக் கொடுத்துட்டு வாசப்படியில உக்காந்துட்டார். தையல் கதவைத் திறந்து உள்ள போனா. புள்ளையைச் சேலை விரிச்சுப் படுக்க வச்சா. கிண்ணத்துல கொண்டு வந்த மாவை எடுத்து, ஆத்தா கன்னத்துல, கழுத்துல, தோள்ல, "சதக் சதக்"னு அப்பினா.

"மெதுவாடி, கூசுது."

தையல் மாவுக் கிண்ணத்தை விட்டுட்டா. "டண்ங்..." கிண்ணம் உருண்டு போய் அன்னத்து மேல மோதி நின்னுச்சு.

"பயப்படாத. நான்தான் பேசறேன்" அப்படின்னா ஆத்தா. குரல் தூக்கக் கலக்கத்துல கம்மிப் போயிருக்கு.

தையல் கிண்ணத்தை எடுத்து வச்சிட்டு, "ஆத்தா... நீ ஏன் தூங்கலை?"ன்னு கேட்டா.

"பொங்கல் வச்சாங்க, எண்ணெய் ஊத்தினாங்க, நாயனம் வாசிச்சாங்க. இப்படி ஒரு வார்த்தை எவனும் கேக்கலை பாரு" அப்படின்னா ஆத்தா. "எப்படித் தூங்குறது சொல்லு. விடியறதுக்கு முன்னாடி பரீட்சை எழுதுற பசங்க வந்து தடதடன்னு கதவைத் தட்டுறாங்க. மத்தியானம் வெள்ளைச் சாமி பார்க்க வெளியூர்லேர்ந்து வண்டி கட்டிட்டு வர்றாங்க. ராத்திரி பூட்டிட்டுப் போறாங்களேன்னு பார்த்தா, யாரோ பெரிய மனுசன் வந்தான்னு திரும்பவும் திறக்கிறாங்க. எந்தச் சாமி வீட்டுக் கதவுக்கும் பூட்டு வெளியிலதான். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டா, நீயே பாரு."

தையல் திரும்பிக் கதவைப் பார்த்தா. அவ புருஷன் செஞ்ச கதவுதான். வெளிப்பக்கம் பூவும் கொடியுமா அத்தனை வேலைப்பாடு. உள்பக்கம் மொழுமொழுன்னு வெறும் பலகை.

"அதோட எனக்கு நாலு கைன்னு பேரு. ஒண்ணு சும்மா இருக்கா? வீணைக்கு ரெண்டு. கத்தது மனசுல கிடந்தாப் போதாது, கையிலயும் பேசணும்னு வீணை. ஒண்ணுல ஏடு, கத்துக்க வேண்டியது இன்னும் இருக்குன்னு. இன்னொண்ணுல மணிமாலை, கத்ததைத் தினம் உருட்டலைன்னா மறந்துடும்னு. எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கு. கண்ணு அரிச்சாக் கசக்க ஒரு கை இல்ல."

"அப்போ ராத்திரிக்காவது கீழ வச்சிடேன் ஆத்தா."

"ஏட்டைத் தரையில வைக்கலாமா? நீ வைப்பியா? கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற ஊரு இது."

தையல் வைக்க மாட்டாதான். கன்னத்துல கையை வச்சு யோசிச்சா. அப்புறம் மெதுவாக் கேட்டா:

"சரஸ்வதி பூசை அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு உளி, ரம்பம், இழைப்புளி எல்லாத்தையும் கழுவிச் சந்தனம் வச்சு, உன் பேரைச் சொல்லி மணைப்பலகையில அடுக்கிடுவாரு. அன்னைக்கு ஒரு நாள் தொட மாட்டாரு. மத்தியானமே குறட்டை விடுவாரு. பசங்க புஸ்தகத்தை அடுக்கிட்டு ஓடிடும், அன்னைக்குப் படிப்பு கிடையாது. எங்க சாமானுக்கெல்லாம் உன் காலடியில ஓய்வு இருக்கு. உன் சாமானுக்கு?"

ஆத்தா குனிஞ்சு மடியில இருந்த வீணையைப் பார்த்தா.

"எனக்கு யாரும் மணை போடலையே" அப்படின்னா.

தூங்கிட்டியா?

ம்.

தூங்கினவ ம் சொல்ல மாட்டா. சரி, கேளு.

தையல் புள்ளையை ஆத்தா காவல்ல விட்டுட்டு வீட்டுக்கு ஓடினா. மணையை எடுத்தா. வடிவோட துவைச்ச துணியில நல்லதா ஒண்ணு எடுத்தா. சுத்தியல், ஆணி எடுத்தா. அப்புறம் தாழ்ப்பாளுக்கு எங்க போறது? சந்தை கூட மூணு நாள் இருக்கு. விரிசலோ ஒரு விரக்கடையில நிக்குது. வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு தாழ்ப்பாள். வாசக்கதவுல இருக்கே, தினம் மூணு தடவை தொட்டுப் பார்ப்பாளே, அது.

அதைப் பார்த்துக்கிட்டே நின்னா. போய் அதைத் தொட்டா. கையை எடுத்துட்டா. திரும்பத் தொட்டா. அப்புறம் உளியைக் கொடுத்து நெம்பினா. "கிரீச்... கிரீச்... பட்". கையோட வந்துடுச்சு. கதவு "ஆ"ன்னு திறந்துக்கிச்சு. அவ திரும்பிப் பார்க்காம நடந்துட்டா.

ஆத்தா அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளை வச்சு, "டொக் டொக் டொக்"னு அடிச்சா. தச்சன் பொண்டாட்டி இல்லையா, ஒரு ஆணி வளையலை. அப்புறம் மணையைப் போட்டு, துணியை விரிச்சா. ஆத்தா வீணையைக் கொடுத்தா, வச்சா. ஏட்டைக் கொடுத்தா, வச்சா. மணிமாலையைக் கொடுத்தா, வச்சா. மூணுக்கும் சந்தனப் பொட்டு வச்சு, துணியை மேல மூடினா.

"அப்பாடா" அப்படின்னா ஆத்தா. நாலு கையையும் உதறினா. ரெண்டு கையால கண்ணைக் கசக்கினா, ஒரு கையால முதுகைச் சொறிஞ்சுக்கிட்டா. நாலாவது கையால தோள்ல இருந்த விரிசலை நீவி விட்டா. இருந்த மாவெல்லாம் உள்ள இறங்கி, கோடு எங்க இருந்துச்சுன்னே தெரியலை. கன்னத்து மாவு உதிர்ந்துச்சு. கறை மாவோட போயிடுச்சு.

"பாத்தியா தையலு, கருங்கல்லு எதை ஊத்தினாலும் உள்ள வச்சுக்கிட்டுக் கம்முனு இருக்கும். வெள்ளைக்கு அது முடியாது. பட்டதெல்லாம் வெளியில தெரிஞ்சிடும். என்னை வெள்ளையில செஞ்சது அதுக்குத்தான். ஆமா, உன் வீட்டுக் கதவுக்கு என்ன பண்ணுவ?"

"ஆட்டுக்கல்லை உருட்டி முட்டுக் கொடுத்துக்கிறேன்."

"பயமா இருக்காதா?"

"இருக்கும் ஆத்தா. இல்லைன்னு உன்கிட்டப் பொய் சொல்ல முடியுமா?"

"நடுவுல ஒரு சுவருதான. பயந்தா இந்தச் சுவரைத் தட்டு. எனக்குத் தூக்கத்துலயும் ஒரு காது முழிச்சிருக்கும். உனக்கும்தான், புள்ளை சிணுங்கினாத் தெரியலை?" அப்படின்னா ஆத்தா.

தையல் புள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வெளியில வந்தா. வாசப்படியில பூசாரி குழந்தைவேலு வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கார். எல்லாத்தையும் கேட்டிருக்கார்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டா காலையில நான் எப்படித் திறக்கிறது ஆத்தா?"

உள்ளேர்ந்து பதில் வந்துச்சு. "முழிப்பு வந்தா நானே திறப்பேன். வரலைன்னா நீயும் போய்ப் படுத்துத் தூங்கு."

பளிங்குக் கொலுசு கல்லுத் தரையில நடந்து வர்ற சத்தம். "சில்... சில்... சில்..." கதவு மெதுவாச் சாத்திக்கிச்சு. அப்புறம், உள்பக்கமா, "சடக்".

அவ்வளவுதான் கண்ணு. கதையும் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிச்சு. இனிமே தட்டினாலும் திறக்காது. கண்ணை மூடு.